டொமினிக்கன் சம்பந்தி வீட்டாரோடு செட்டிநாட்டில் கல்யாணம் நடத்துவது எப்படி

உங்கள் வீட்டுப் பையன் நியூயார்க்கிலோ மாட்ரிடிலோ வேலை பார்க்கிறான். டொமினிக்கன் குடியரசுப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொள்ளப் போகிறான். கல்யாணம் ஊரில்தான், பெரிய வீட்டில்தான் என்று முடிவாகிவிட்டது. அப்படியானால் இது உங்களுக்கு. நான் காரைக்குடியில் கல்யாண ஏற்பாட்டு வேலை செய்கிறவள். என் அப்பா நகரத்தார் வீடுகளில் தவசிப்பிள்ளையாக, அதாவது சமையல்காரராக இருந்தவர். அதனால் செட்டிநாட்டு முறைகள் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். டொமினிக்கன் முறைகளைக் கானாடுகாத்தானில் எடுத்து நடத்திய ஒரு கல்யாணத்துக்காகக் கற்றுக்கொண்டேன். பெண்ணின் அம்மாவோடு மாதக்கணக்கில் வீடியோ அழைப்பில் பேசி, ஒவ்வொன்றாகக் கேட்டு நோட்டில் எழுதி வைத்தேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுச் சம்பந்தி என்றதும் நாம் அவர்களுக்குத் தலைப்பாகை கட்டி, மாலை போட்டு, முன்வரிசையில் உட்கார வைத்துவிடுகிறோம். நம் பக்கத்தில் அது மரியாதை. அவர்களுக்கோ அது ஒதுக்கி வைத்த மாதிரி. டொமினிக்கன் கல்யாணத்திலும் முறைக்காரர்கள்தான் கல்யாணத்தை நடத்துகிறார்கள். மாப்பிள்ளையைக் கைபிடித்து அழைத்து வருகிறவர், பெண்ணை அழைத்து வருகிறவர், சாட்சி நிற்கிறவர் என்று ஒவ்வொருவருக்கும் இடம் உண்டு. ஆகவே வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு முறை, ஒரு வேலை கொடுங்கள். கீழே நான் எழுதுவதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதுதான்.

இன்னொன்று, டொமினிக்கா வேறு நாடு, டொமினிக்கன் குடியரசு வேறு நாடு. முதலாவது ஆங்கிலம் பேசும் சின்னத் தீவு. நாம் பேசுவது ஹைத்தியோடு ஒரே தீவைப் பகிர்ந்துகொள்ளும், ஸ்பானிய மொழி பேசும், சாந்தோ டொமிங்கோவைத் தலைநகராகக் கொண்ட நாட்டைப் பற்றி. டிக்கெட்டிலும் விண்ணப்பங்களிலும் இந்த இரண்டையும் குழப்பினால் பெரிய அலைச்சல்.

நாள் குறிப்பது

செவ்வாய்க்கிழமை ஆகாது என்பதில் இரண்டு பக்கமும் ஒன்று. ஸ்பானிய மொழிக்காரர்களிடம் ‘செவ்வாயில் கல்யாணமும் செய்யாதே, கப்பலும் ஏறாதே’ என்று பழமொழியே இருக்கிறது. அமெரிக்காவில் 13ஆம் தேதி வெள்ளிக்கிழமை வந்தால் அஞ்சுவார்கள், இவர்கள் 13ஆம் தேதி செவ்வாய்க்கிழமை வந்தால் அஞ்சுவார்கள். பெண்ணின் பாட்டி இதை வீடியோவில் சொன்னபோது, அதுவரை பேப்பருக்குப் பின்னால் இருந்த மாப்பிள்ளையின் ஐயா பேப்பரை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து நாள் சம்பந்தமான எல்லாப் பேச்சையும் அவர்கள் இருவருமே பேசினார்கள். மொழிபெயர்ப்புக்குப் பையன் நடுவில்.

மோதுகிற இடம் தவக்காலம். அந்த நாட்டில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை ஆடம்பரமாகக் கல்யாணம் வைப்பதைத் தவிர்ப்பார்கள். நமக்கோ மார்கழி ஆகாது, ஆடி ஆகாது, புரட்டாசியிலும் பலர் வைப்பதில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தை மாதம்தான் நன்றாகப் பொருந்துகிறது. 2027இல் சாம்பல் புதன் பிப்ரவரி 10ஆம் தேதியே வந்துவிடுகிறது. ஆகவே தை பிறந்ததும் வைத்துக்கொள்ளுங்கள். 2028இல் அது மார்ச் 1 என்பதால் மாசியிலும் இடம் இருக்கிறது. ஆனால் ஜனவரி 21 அவர்கள் நாட்டின் காவல் அன்னையான அல்தாகிராசியா மாதாவின் திருநாள். பிப்ரவரி 27 சுதந்திர நாள், 1844இல் ஹைத்தியிடமிருந்து பிரிந்த நாள். பாட்டிமார் ஜனவரி 21 அன்று ஊரில் இருக்க விரும்புவார்கள். கேட்காமல் தேதி வைக்காதீர்கள்.

சாந்தோ டொமிங்கோ நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். இங்கே காலை 6 மணி முகூர்த்தம் என்றால் அங்கே முந்தின நாள் இரவு 8.30. வர முடியாதவர்கள் எல்லோரும் ஒரு வீட்டில் கூடிச் சாப்பிட்டுக்கொண்டே நேரலை பார்க்கத் தோதான நேரம் அது. பத்திரிகையில் இரண்டு தேதியையும் இரண்டு நேரத்தையும் போடுங்கள். அதிகாலை முகூர்த்தம் வைப்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் ஊர்க் கல்யாணம் பெரும்பாலும் சாயங்காலம் தொடங்கும். போட்ட நேரத்துக்கு அரை மணி, ஒரு மணி பிந்துவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முகூர்த்த நேரம் நகராது என்பதைப் பெண்ணின் அம்மாவிடம் காரணத்தோடு சொல்லுங்கள், அவரே எல்லோரையும் கிளப்பிவிடுவார். நேரடி விமானம் கிடையாது, மாட்ரிட், நியூயார்க் போன்ற ஊர்கள் வழியாகச் சுற்றித்தான் வர வேண்டும். இறங்குவது மதுரையோ திருச்சியோ, அங்கிருந்து காரில் காரைக்குடிப் பக்கம். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பாவது வந்து தூங்கி எழ வேண்டும்.

தாள்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் தள்ளிப் போடாதீர்கள். இந்து திருமணச் சட்டம் இருவரும் இந்துவாக இருந்தால்தான். கத்தோலிக்கப் பெண் என்றால் தாலி கட்டிய மட்டில் சட்டப்படி போதாது. ஒரு வழி, 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாள் தங்கியிருக்க வேண்டும், அறிவிப்புக் கொடுத்த பின் இன்னும் 30 நாள் காத்திருக்க வேண்டும், மூன்று சாட்சிகள் வேண்டும். இன்னொரு வழி, கோயிலில் பாதிரியார் முன்னிலையில் 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி. அதற்கு மறைமாவட்ட ஆயரின் அனுமதி வேண்டும், காரைக்குடி சிவகங்கை மறைமாவட்டத்தில் வருகிறது. லீவு குறைவாக இருக்கிறவர்கள் சட்டப் பதிவை அங்கேயே முடித்துவிட்டு இங்கே முறைகளை மட்டும் செய்யலாம். நான் இதைத்தான் சொல்வேன். அவர்கள் நாட்டில் கத்தோலிக்கக் கோயிலில் நடக்கும் கல்யாணமே சட்டப்படி செல்லும், வத்திக்கானோடு 1954இல் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. நம் சிறப்புத் திருமணச் சட்டமும் அதே வருஷம்தான் வந்தது.

அங்கிருந்து வரும் சான்றிதழ்களில் அப்போஸ்தில் முத்திரை (ஒரு நாட்டுத் தாளை இன்னொரு நாடு ஏற்கச் செய்வது) இருக்க வேண்டும். இரண்டு நாடுகளுமே அதற்கான உடன்பாட்டில் இருக்கின்றன.

பத்திரிகையில் பெண்ணின் பெயரை முழுதாகப் போடுங்கள். அப்பா வழிக் குடும்பப் பெயர் ஒன்று, அம்மா வழிக் குடும்பப் பெயர் ஒன்று என இரண்டு இருக்கும். இடம் போதவில்லை என்று இரண்டாவதை வெட்டினால் அம்மா குடும்பத்தையே வெட்டிய மாதிரி. நம் விலாசத்தில், அதாவது பெயருக்கு முன்னால் போடும் எழுத்துகளில், ஒன்றை யாராவது விட்டால் நாம் சும்மா இருப்போமா? கல்யாணத்துக்குப் பிறகும் அவள் பெயர் மாறாது. ‘இனிமேல் எங்கள் வீட்டுப் பெயர்’ என்று யாரும் ஆரம்பிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நகரத்தார் வீடாக இருந்தால் கோயில் மாலை பற்றிய பேச்சை முதலிலேயே முடித்துவிட வேண்டும். ஒன்பது கோயில்களில் அவரவர் கோயிலிலிருந்து மாலை வந்து, தம்பதி ஒரு புள்ளியாக (கோயில் கணக்கில் ஒரு குடும்பமாக) சேர்வது சமூகத்துக்குள் நடக்கும் கல்யாணத்துக்கான ஏற்பாடு. வெளியிலிருந்து பெண் எடுக்கும்போது உங்கள் கோயிலில் என்ன முடிவு என்பதை வீட்டுப் பெரியவர் நேரில் போய்க் கேட்டுவர வேண்டும். பத்திரிகை அடித்த பிறகு கேட்கக் கூடாது. பெண் வீட்டாருக்கும் அதை உள்ளபடி சொல்லிவிடுங்கள்.

யாருக்கு என்ன முறை

நம் பக்கம் கல்யாணம் பெண் வீட்டில். பெண்ணுக்கு இங்கே வீடு இல்லை என்பதால் எல்லோரும் நேராக மாப்பிள்ளை வீட்டு வளவில் வைத்துவிடலாம் என்பார்கள். வேண்டாம். அதே ஊரில் இன்னொரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து அதைப் பெண் வீடு ஆக்குங்கள். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கமெல்லாம் கிடைக்கிறது. முகப்பில் வாழை கட்டி, நிலையில் மாவிலை கட்டி, அவர்கள் அந்த வீட்டுக்கு உரிமைக்காரர்களாக இருந்து மாப்பிள்ளையை வரவேற்க வேண்டும். வருகிறவர்களுக்கு வீட்டுக்காரர் என்ற பொறுப்பு வந்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. அந்த வீட்டுக்கு வாசல் தெளிக்க, காபி போட நம் ஆட்களை வைத்துக்கொள்ளலாம், ஆனால் ‘வாங்க’ என்று சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்.

அவர்கள் முறையில் மாப்பிள்ளைக்குத் துணை நிற்கும் பெண்மணி மத்ரினா. பெரும்பாலும் மாப்பிள்ளையின் அம்மாவே. பெண்ணுக்குத் துணை நிற்பவர் பத்ரினோ, பெரும்பாலும் பெண்ணின் அப்பா. மாப்பிள்ளை தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பீடம் வரை நடந்து வருவான். நம் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் ஆத்தாவுக்கு இப்படி எல்லோர் கண்ணுக்கும் முன்னால் ஒரு நடை கிடையாது. மாப்பிள்ளை அழைப்பில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கோயிலிலிருந்து ஊர்வலம் வந்து வாசலில் இறங்கியதும், அங்கிருந்து முகப்பு வரை மகன் ஆத்தாவின் கையைப் பிடித்து நடக்கட்டும். எந்த முறையையும் எடுக்க வேண்டியதில்லை, நாதஸ்வரமும் நிற்க வேண்டியதில்லை.

பெண் பக்கம்தான் கவனம் வேண்டும். நான் நடத்திய கல்யாணத்தில் பெண்ணின் அப்பா சின்ன வயதிலேயே பிரிந்து போனவர். அம்மாவும் பாட்டியும்தான் வளர்த்தார்கள். டொமினிக்கன் குடும்பங்களில் இது புதிதில்லை, யாரும் ஒளித்துப் பேசுவதுமில்லை. இங்கே ஒருவர் என் காதோரம் வந்து, ‘அந்த அம்மாவைத் தாரை வார்க்க நிற்க வைக்கலாமா?’ என்று கேட்டார். பெற்று வளர்த்தவள் நிற்காமல் யார் நிற்பது? பெண்ணின் அம்மா தனியாக இருக்கிறார் என்பதற்காக அவரைத் தள்ளி நிறுத்தும் எந்த ஏற்பாட்டையும் நான் எடுத்து நடத்துவதில்லை. உங்கள் வீட்டில் இந்தப் பேச்சு வரும் என்று தெரிந்தால், அவர்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே வீட்டுப் பெரிய ஆச்சியைக் கொண்டு முடித்துவிடுங்கள். இங்கே வந்த பிறகு அந்தம்மாள் காதில் அது விழக் கூடாது.

அம்மாவோடு கூட நின்றவர் பெண்ணின் தாய்மாமா. அங்கே பத்ரினோவாக நிற்க வேண்டியவரும் அவர்தான், அப்பா இல்லாத இடத்தில் அம்மாவின் அண்ணன். நம் பக்கத்தில் தாய்மாமனுக்கு இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டுமா! மாலை எடுத்துக் கொடுப்பது, பெண்ணை மணவறைக்கு அழைத்து வருவது என்று அவருக்கு வேலை கொடுத்தோம். வேவு (கல்யாணத்துக்குக் கொண்டுவரும் சாமான்) இறக்கும்போது நம் அரிசி, காய்கறி, தேங்காயோடு அவர் ஊரிலிருந்து கொண்டுவந்த காப்பிக்கொட்டையும் கொக்கோவும் கடகாம்பெட்டியில் இருந்தன. அந்த மனிதர் பெட்டியைத் தலையில் வைத்துத்தான் தூக்குவேன் என்று நின்றார்.

இசைகுடிமானம் எழுதுகிற இடத்திலும் அவர்களைச் சேருங்கள். இரு வீட்டாரும் சம்மதத்தை எழுதிக் கையெழுத்துப் போடும் இந்த வழக்கம் (முன்பு ஓலை, இப்போது தாள்) அவர்களுக்கு உடனே புரிகிறது, ஏனென்றால் அவர்கள் கல்யாணத்திலும் சாட்சிகள் கையெழுத்துப் போடுவது பெரிய விஷயம். தமிழில் எழுதியதை ஸ்பானிய மொழியில் இன்னொரு தாளில் எழுதி வைத்து, வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். புரியாத தாளில் யாரிடமும் கையெழுத்து வாங்கக் கூடாது.

பிள்ளைகளை மறக்காதீர்கள். அங்கே குட்டிப் பையன் மோதிரம் கொண்டு வருவான், குட்டிப் பெண் பூத்தூவி வருவாள். இங்கே அவர்களிடம் அட்சதைத் தட்டைக் கொடுங்கள். கல்யாணம் முடிந்து வெளியே வருகிற ஜோடி மேல் அரிசி வீசுவது அவர்களுக்கும் உண்டு. கெட்டிமேளம் கேட்டதும் போட வேண்டும் என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதும்.

பதின்மூன்று காசு

டொமினிக்கன் கத்தோலிக்கக் கல்யாணத்தில் அர்ராஸ் என்று ஒரு சடங்கு உண்டு. பாதிரியார் மந்திரித்த 13 காசுகளை மாப்பிள்ளை பெண்ணின் கையில் கொட்டுவான். என்னிடம் இருப்பதெல்லாம் உன்னுடையதும்தான், வீட்டை நீ நடத்து என்பது பொருள். ஸ்பெயினிலிருந்து வந்தது, அதனால் ஸ்பெயின் ஆண்ட நாடுகளில் எல்லாம் இருக்கிறது. பிலிப்பைன்சில் இன்றும் விடாமல் செய்கிறார்கள். மெக்சிகோவிலும் பிலிப்பைன்சிலும் இதோடு தம்பதியின் தோள்களைச் சுற்றி எட்டு வடிவத்தில் ஒரு கயிறு போடுவார்கள். 13 என்பது இயேசுவும் பன்னிரண்டு சீடர்களும் என்பார்கள். வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதம், மிச்சம் ஒன்று ஏழைக்கு என்றும் சொல்வார்கள். எனக்கு இரண்டாவது விளக்கம் பிடித்திருக்கிறது.

நம் வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொல்லும்போது, ‘பரிசம் போடுவது மாதிரி, மாப்பிள்ளை பக்கத்திலிருந்து பெண்ணுக்கு’ என்று சொல்லுங்கள், உடனே புரிந்துவிடும். பெண் வீட்டார் கொண்டு வர வேண்டியது என்று யாராவது நினைத்துவிட்டால் அது வேறு எங்கோ போய்விடும். காசு வெள்ளியில் போதும். காரைக்குடியில் ஆசாரியிடம் சொன்னால் ஒரே அளவில் அடித்துத் தருவார். பெட்டிக்கு ஒரு பழைய வெள்ளிக் குங்குமச்சிமிழ் இருந்தால் அழகு, ஆனால் பதின்மூன்றும் உள்ளே அடங்குமா என்று முன்னாடியே போட்டுப் பாருங்கள்.

இதை எங்கே செய்வது? திருப்பூட்டு (தாலி கட்டுவது) முடிந்த கையோடு, கழுத்துரு என்ற நகரத்தார் தாலி கழுத்தில் ஏறி, எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கும் நேரத்தில் செய்யலாம் என்று பையன் கேட்டான். நான் வேண்டாம் என்றேன். கழுத்துருவுக்குரிய நேரத்தில் இன்னொன்றைக் கொண்டுவந்து வைத்தால் இரண்டுமே சிறுத்துப் போகும். கோயிலில் செபம் வைத்திருந்தால் அங்கே, இல்லையென்றால் சாயங்கால வரவேற்பின் தொடக்கத்தில், பெரியவர்கள் எல்லோரும் உட்கார்ந்த பின் செய்யுங்கள். அந்தக் கல்யாணத்தில் பதின்மூன்றாவது காசின் பேரில் பிள்ளையார்பட்டியில் அன்னதானத்துக்குப் பணம் கட்டினார்கள். அது பெண்ணின் பாட்டி சொன்ன யோசனை.

தாலி பற்றி அவர்களுக்குத் தயக்கம் இருந்தால், தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்களும் கோயிலில் தாலியை மந்திரித்துக் கட்டுகிறார்கள் என்று சொல்லுங்கள். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் மின்னு கட்டுகிறார்கள். உள்ளூர்ப் பாதிரியாரைப் பெண்ணின் அம்மாவோடு ஒருமுறை பேச வைத்தால் தீர்ந்தது.

உடுப்பு

பெண்ணுக்கு வெள்ளைக் கவுன் ஆசை இருக்கும். காலையில் கூரைப்பட்டு, சாயங்காலம் கவுன். இதில் ஆச்சிமாருக்கும் வருத்தமில்லை. வருகிற பெண்களிடம் கறுப்பு உடுத்த வேண்டாம் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள். அவர்கள் ஊரில் சாயங்கால விருந்துக்குக் கறுப்பு நல்ல உடுப்பு. வந்திறங்கிய பிறகு சொன்னால் பாவம், மாற்ற எதுவும் இருக்காது. பெண்ணின் அத்தை, சித்திமாருக்குக் காரைக்குடி கண்டாங்கி எடுத்துக் கொடுங்கள். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை. பருத்தி என்பதால் கட்டிப் பழகாதவர்கள் இடுப்பிலும் நிற்கும். ஆண்களிடம் சாக்காபானா என்ற லினன் சட்டை இருக்கும், முன்புறம் மடிப்பு மடிப்பாகத் தைத்தது, வெளியே விட்டுப் போடுவது. வேட்டியோடு அதைப் போட்டுப் பார்த்தோம். கோட்டு சூட்டை யாரும் அதன் பிறகு எடுக்கவில்லை.

சாப்பாடு

டொமினிக்கன் சமையலில் காரம் கிடையாது. கரீபியன் என்றதும் காரமாகச் சாப்பிடுவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பூண்டு, வெங்காயம், கொத்தமல்லி, ஓரிகனோ, குடமிளகாய் வாசம்தான் அவர்கள் ருசி. மிளகைக்கூடப் பார்த்துப் போட வேண்டும். பந்தியில் தனியாக ஒரு வரிசைக்குக் காரம் குறைத்துச் செய்யச் சொல்லுங்கள். இலையில் முதலில் இனிப்பு வைப்பது, உப்பும் ஊறுகாயும் இடது மேல் மூலையில் வருவது, சாப்பிட்டதும் இலையைத் தன் பக்கமாக மடிப்பது எல்லாம் பக்கத்தில் ஒரு கல்லூரிப் பிள்ளையை உட்கார வைத்தால் தானாகக் கற்றுக்கொள்வார்கள். தரையில் உட்கார முடியாத பெரியவர்களுக்கு மேசைப் பந்தி.

கல்யாண நாளில் வீட்டில் சைவம்தான். அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். ஆனால் அவர்கள் கல்யாண விருந்துக்கு முக்கியமான ஒன்று சைவமாகவே வருகிறது. மோரோ தே குவாந்துலேஸ் என்ற சோறு, பச்சைத் துவரையும் தேங்காய்ப்பாலும் போட்டது. துவரை நம் நாட்டுப் பயறு. இந்தியாவில் பிறந்து, ஆப்பிரிக்கா போய், அங்கிருந்து கரீபியன் தீவுகளுக்குப் போன பயறு. தை மாதம் நம் சந்தையில் பச்சைத் துவரங்காய் குவிந்து கிடக்கும். உரித்து வேக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ அரிசிக்கு அரைக் கிலோ உரித்த பயறு தாராளம். எண்ணெயில் பூண்டு, வெங்காயம், குடமிளகாய், கொத்தமல்லித்தழை வதக்கி, கொஞ்சம் தக்காளி விழுதும் ஓரிகனோவும் சேர்த்து, பயறைப் போட்டுப் புரட்டி, தேங்காய்ப்பாலும் பயறு வெந்த தண்ணீரும் ஊற்றி, கொதித்ததும் அரிசியைப் போட்டு, நீர் வற்றியதும் மூடித் தணலில் விட வேண்டும். ஓரிகனோ கிடைக்காவிட்டால் கற்பூரவள்ளி இலை இரண்டு. கரீபியன் தீவுகளில் அதையும் சமையலில் போடுகிறார்கள். சமையல்காரரிடம் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: அடியில் பிடித்த பொறுக்கைத் தேய்த்துக் கழுவிவிடக் கூடாது. கொங்கோன் என்று அதற்குப் பெயர், தனித் தட்டில் எடுத்து வைத்தால் பெரியவர்கள் பங்கு போட்டுச் சாப்பிடுவார்கள்.

வாழைக்காயைத் துண்டு போட்டுப் பொரித்து, தட்டையாக அமுக்கி, மறுபடி பொரிப்பது தோஸ்தோனேஸ். பச்சை வாழைக்காயை வேகவைத்து மசித்து மேலே வெங்காயம் போடுவது மங்கூ, காலைச் சாப்பாடு. நம் வாழைக்காய்ப் பொடிமாஸ் அவர்களுக்குப் புதிதாகவே தெரியவில்லை. மரவள்ளிக்கிழங்கும் அப்படித்தான். நம் பலகாரங்களில் பால் பணியாரமும் கவுணி அரிசியும் நன்றாகப் போகும். கவுணி அரிசி பர்மாவிலிருந்து வந்து நம் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். வீட்டைச் சுற்றிக் காட்டும்போது பர்மா தேக்குத் தூணையும் ஐரோப்பாவிலிருந்து வந்த கண்ணாடியையும் காட்டிச் சொன்னால், வெளியூர்ச் சாமான் வராத வீடு செட்டிநாட்டில் இல்லை என்று நம் பிள்ளைகளுக்கும் நினைவு வரும்.

அவர்கள் விருந்தில் முழுப் பன்றி சுடுவது உண்டு. இங்கே அது தோதுப்படாது. மறுநாள் அசைவ விருந்தில் ஆட்டுக்கறி போடுங்கள். வறண்ட வடமேற்குப் பக்கத்தில் ஓரிகனோ மணக்க ஆடு சமைப்பது அவர்களுக்குப் பெருமை. பெண்ணின் மாமாவும் நம் மாஸ்டரும் பக்கத்துப் பக்கத்து அடுப்பில் ஆளுக்கொரு சட்டி வைத்தார்கள், இரண்டும் காலி.

மது கல்யாண வீட்டுக்குள் வேண்டாம். வாழ்த்துச் சொல்லிக் குடிக்க ஏதாவது வேண்டும் என்பார்கள். மொரிர் சொன்யாந்தோ என்ற அவர்கள் பானத்தையே கொடுங்கள். ஆரஞ்சுச் சாறு, பால், சர்க்கரை, ஐஸ். பால் திரியாமல் இருக்க இரண்டையும் நன்றாகக் குளிர வைத்து, ஐஸ் மேல் பாலைச் சர்க்கரையோடு ஊற்றி, பிறகு சாற்றை மெதுவாக விட்டுக் கலக்க வேண்டும். கலந்ததும் பரிமாறிவிட வேண்டும்.

கேக் அவர்களுக்கு விட முடியாத ஒன்று. வெண்ணெய் நிறையப் போட்ட ஈரப்பதமான கேக், நடுவில் அன்னாசி ஜாம் அல்லது கொய்யா ஜாம், மேலே சர்க்கரைப் பாகையும் முட்டை வெள்ளையையும் அடித்த சுஸ்பீரோ. முட்டை இருப்பதால் கல்யாண அடுப்படிக்குள் கொண்டு வராதீர்கள், வரவேற்பு மேசையில் நேராக இறக்குங்கள்.

மேளமும் ஆட்டமும்

மெரெங்கேயும் பச்சாத்தாவும் அவர்கள் நாட்டில் பிறந்த இசை. 2016இலும் 2019இலும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியவை. முதலில் மெரெங்கே போடுங்கள். வலது, இடது என்று கால் மாற்றினால் போதும், ஐயாமார்கூட ஆடுவார்கள். பச்சாத்தா ஜோடியாக நெருங்கி ஆடுவது, அதைக் கடைசிக்கு வையுங்கள். மெரெங்கேயில் வரும் தம்போரா இரண்டு முகமுள்ள மேளம். ஒரு பக்கம் குச்சி, மறுபக்கம் வெறுங்கை. நம் தவிலிலும் ஒரு கையில் குச்சி, மறுகை விரல்களில் கூடு. தவில்காரரிடம் ஒரு மெரெங்கேப் பாட்டை இரண்டு நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். எங்களுக்கு வந்த தவில்காரர் முன்னால் உட்கார்ந்து கேட்டார், அப்புறம் அதன் மேல் வாசித்தார். அந்த மாமா எழுந்து போய் அவர் காலைத் தொட்டுவிட்டார்.

விருந்தின் கடைசிப் பகுதியில் ஓரா லோகா என்று ஒரு மணி நேரம் உண்டு. முகமூடி, ஊதல், தொப்பி, வேஷக்காரர்கள் என்று எல்லோரும் எழுந்து ஆடும் நேரம். லத்தீன் அமெரிக்காவில் பல நாடுகளில் இருக்கிறது. இதற்கு பிளாஸ்டிக் சாமான்களைத் தருவிக்க வேண்டாம். பொய்க்கால் குதிரை, கரகம், தப்பாட்டக்காரர்களைக் கூப்பிடுங்கள். நல்ல சம்பளமும், முதல் பந்தியில் சாப்பாடும் கொடுங்கள். அங்கே இது நள்ளிரவில் நடப்பது. இங்கே இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம், பக்கத்து வீட்டில் வயசானவர்களும் இருப்பார்கள். ஆகவே வரவேற்பை ஐந்தரைக்கே தொடங்கி, எட்டரைக்கு ஓரா லோகா வைத்தால் சரியாக இருக்கும்.

முகமன் சொல்வது பற்றி இரண்டு பக்கத்துக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அவர்கள் கன்னத்தோடு கன்னம் வைத்து முத்தமிட்டு வணக்கம் சொல்கிறவர்கள். பெண்களுக்குள் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம், ஆண் பெரியவர்களுக்குக் கைகூப்பினால் போதும். மொய் எழுதுகிற மேசையில் அவர்கள் தயங்கி நின்றால், எழுத வேண்டிய கட்டாயமில்லை என்று சொல்ல ஒருவரை அங்கே நிறுத்துங்கள்.

நீங்கள் அங்கே போகும்போது

பல குடும்பங்கள் சாந்தோ டொமிங்கோவில் கோயில் கல்யாணத்தைப் பிறகு வைத்துக்கொள்கின்றன. அப்போது மத்ரினா நீங்கள்தான், மாப்பிள்ளையின் ஆத்தா. மகனின் கையைப் பிடித்து நீங்கள் நடந்து போக வேண்டும், சாட்சிப் புத்தகத்திலும் உங்கள் கையெழுத்து வரலாம். வெள்ளையும் சந்தன நிறமும் தவிர எந்தப் பட்டும் உடுத்தலாம், அரக்குப் பட்டு அந்த ஊர் வெளிச்சத்தில் நன்றாக எடுக்கும். நடை மெதுவாக இருக்கட்டும். வீட்டு வளவில் மகனோடு இரண்டு தடவை நடந்து பழகிக்கொள்ளுங்கள். பீடத்தருகே போனதும் மகனை விட்டுவிட்டு இடம் தேடி உட்காரக் கூடாது, சடங்கு முடியும்வரை பக்கத்திலேயே நிற்பதுதான் அங்கே உங்கள் முறை. பூ கிடைக்காது என்று மல்லிகைச் சரத்தைப் பெட்டியில் வைக்காதீர்கள், விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். அதிரசமும் சீப்புச் சீடையும் நன்றாக ஆற வைத்து டப்பாவில் அடைத்தால் தாங்கும். பெண்ணின் பாட்டிக்குச் சீப்புச் சீடை பிடிக்கும் என்று எங்கள் கல்யாணத்தில் தெரிந்தது, இப்போதும் வருஷா வருஷம் இங்கிருந்து போகிறது.